ரெய்கோவை வழிமொழிந்த கிழவர்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. அதற்கு முந்திய வருடக் கூட்டத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் செய்தேன். ஆனாலும் நான் என்ன செய்தேன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை என்றே கிட்டத்தட்ட ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அதை இப்போது எழுதுகிறேன். கனடாவில், மொன்றியலில் இருக்கும் எங்கள் ஆட்கள் நேரில் கேட்டால் எனக்கு வாய் வராது. ஊரிலிருந்து வாசிக்கும் நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அது எனக்கு வசதி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்தைத் திருத்த மகளால் முடியாது. அவளுக்குத் தமிழில் தன் பெயரை மட்டும்தான் எழுத வரும். மனைவிதான் திருத்துவாள். ஆகவே இதை முதலில் வாசிக்கப் போவதும் அவள்தான். வாசிக்கட்டும்.

எல்லாம் ஒரு ஜப்பான் தொலைக்காட்சித் தொடரில் தொடங்கியது.

2

அதற்கு முதல் என் வேலையைச் சொல்ல வேண்டும். மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பழைய எட்டு மாடிக் கட்டிடம். மாடிக்கு இரண்டு மூன்று தையல் தொழிற்சாலைகள். அங்கே நான் சாமான் லிஃப்ட் ஓட்டுகிறேன். பொத்தானை அமத்தினால் தானாகப் போய் நிற்கும் லிஃப்ட் அல்ல அது. வாரைப் பிடித்து இரும்புக் கதவை இழுத்து மூடி, கைபிடியைத் திருப்பி, ஒவ்வொரு மாடியிலும் தரைக்குச் சமமாக நிறுத்த வேண்டும். ஒரு அங்குலம் பிசகினாலும் துணி வண்டியின் சில்லு தடக்கிவிடும். ஒன்பது வருடமாக ஏறி இறங்குகிறேன். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டும் சமமாக நிறுத்துவேன்.

ஆட்கள் போகும் லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். அப்போது முதலாளிமாரும் என்னுடைய லிஃப்டில்தான் ஏறுவார்கள். துணிக் கட்டுகளுக்கு நடுவில் நின்று தங்கள் காரியங்களைக் கதைப்பார்கள். நான் அங்கே நிற்கிறேன் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. யாரை வேலையால் நிறுத்தப் போகிறார்கள், எந்த மாடி காலியாகப் போகிறது எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. விளங்க வேண்டியது எப்படியோ விளங்கிவிடும்.

என் மனைவி சரோ அதே கட்டிடத்தில் நாலாம் மாடியில் தைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் மாடி மூடப்படப் போகிறது என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"உண்மையாவோ? ஆர் சொன்னது?"

"லிஃப்டுக்கை நிண்டு கதைச்சவை."

"நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"நான் என்னத்தைக் கேக்கிறது?"

 அவள் அரிசியைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் நாலாம் மாடி மூடியது. வேலையில்லாமல் இருந்தவர்களை அரசாங்கம் பிரெஞ்சு வகுப்புக்கு அனுப்பியது. சரோவும் போனாள். ஊரில் பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவள். எட்டு மாதத்தில் பஸ் சாரதியோடு சண்டை பிடிக்கிற அளவுக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. எனக்குப் பொன்ஜூர், மெர்சி, மாடி எண்கள், இவ்வளவுதான். ஒன்பது வருடத்தில் எட்டு வரைக்கும் எண்ணப் படித்திருக்கிறேன். கட்டிடத்தில் அதற்கு மேல் மாடி இல்லை.

3

எங்கள் கியூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிந்து போவதா இல்லையா என்று வாக்கெடுப்பு நடந்த இலையுதிர் காலத்தில் அந்தத் தொடர் தொடங்கியது. வீதியில் மின்கம்பம் தோறும் ஆம், இல்லை என்று அட்டைகள் தொங்கின. பல மொழி நிகழ்ச்சிகள் காட்டும் கேபிள் சேனல் ஒன்றில் சனிக்கிழமை பின்னேரம் அது வரும். பேச்சு ஜப்பான் மொழி. கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடும். எழுத்து ஓடுகிற படங்களைப் பார்த்தால் வாசிப்பு வேகமாக வரும் என்று வகுப்பு ஆசிரியை சொன்னாளாம். சரோ ஒவ்வொரு வாரத்தையும் வீடியோக் கசெற்றில் பதிந்தும் வைத்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொற்களைக் கொப்பியில் எழுதுவாள்.

தொடரின் பெயர் ஜப்பான் எழுத்தில் வரும். நாங்கள் வீட்டில் "லிஃப்ட்காரி" என்று சொல்வோம். ரெய்கோ என்ற பெண் ஒரு பெரிய கப்பல் கட்டும் கொம்பனியின் தலைமை அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டுகிறாள். வெள்ளைக் கையுறை, சின்னத் தொப்பி. பெரிய மனிதர்கள் ஏறுவார்கள், கதைப்பார்கள், இறங்குவார்கள். அவள் அங்கே நிற்பதை ஒருவரும் காண்பதில்லை. ஒருநாள் மூன்று இயக்குநர்கள் ஒரு எஞ்சினியரையும் கூட்டிக்கொண்டு மேல் மாடிக்குப் போகிறார்கள். கீழே இறங்கும்போது மூன்று பேர்தான். அடுத்த நாள் அந்த எஞ்சினியர் மொட்டை மாடியிலிருந்து குதித்துச் செத்துப்போனார் என்று செய்தி வருகிறது.

ரெய்கோ பொலிசுக்குப் போகவில்லை. அடுத்த தடவை அந்த மூவரில் ஒருவன் தனியே ஏறியபோது, இரண்டு மாடிகளுக்கு இடையில் லிஃப்டை நிறுத்தினாள். நிறுத்தி, அலுவலகத்தில் தனக்கு உட்கார ஒரு கதிரை கேட்டாள்.

நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன்.

எனக்கு அந்தப் பிரெஞ்சு எழுத்து வாசிக்க வராது என்பதால் சரோதான் தமிழில் சொல்லுவாள். படம் ஓட ஓடச் சொல்லுவாள். ஆண்களுக்குக் குரலைத் தடிப்பாக்குவாள். "இவன் சொல்லுறான், 'நீ கதவைத் திறக்க வந்தவள், வாயைத் திறக்க வந்தவளில்லை' எண்டு." பிறகு ரெய்கோவுக்குத் தன் சொந்தக் குரல். "'கதவு திறக்கிறவளுக்குத்தான் ஐயா தெரியும், ஆர் எந்த மாடியிலை இறங்கினவர் எண்டு.'" இரண்டு மூன்று வாரத்தில் எனக்கு ஜப்பான் மொழி கேட்காமல் போய்விட்டது. ரெய்கோ என் மனைவியின் குரலில்தான் பேசினாள்.

முதலில் எனக்கு அது பெரிய சந்தோசம். உலகத்தில் லிஃப்ட் ஓட்டுபவர்களைப் பற்றி ஒரு கதை! அது என்னுடைய கதை என்று நினைத்தேன். வாரம் முழுக்கக் கைபிடியைத் திருப்பும்போது ரெய்கோவை நினைத்துக்கொள்வேன். பிறகு மெல்ல மெல்ல வேறொன்று உள்ளே ஏறியது. என்னுடைய வேலையைச் செய்துகொண்டு அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள்? ஐந்தாம் வாரத்தில் அவளுக்கு அலுவலகத்தில் கதிரை. பத்தாம் வாரத்தில் தனி அறை. பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகத் தலை குனிகிறார்கள். எனக்கும் எத்தனையோ தெரியும். நான் ஒரு கதிரைகூடக் கேட்டதில்லை. லிஃப்டுக்குள் உட்காருவது துணி வந்த ஒரு மரப்பெட்டியில்தான்.

அதைவிட மோசமானது இன்னொன்று. ஒருநாள் நான், "சமமா நிப்பாட்டிறாள் பார், கைப்பழக்கம்" என்று சொன்னேன். சரோ திரும்பியே பார்க்கவில்லை.

"உந்தக் கதை லிஃப்டைப் பற்றினதில்லையப்பா" என்றாள்.

4

பொறாமை எனக்குப் புதிது அல்ல. ஊரில் எங்கள் வீட்டில் ஒருவரைத்தான் படிப்பிக்க முடிந்தது. அது தம்பி. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மூட்டை தூக்கப் போனேன். காலையில் தம்பியைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய பள்ளிக்கூடத்தின் கேற்றடியில் இறக்கிவிடுவேன். அவன் உள்ளே போகும்போது புத்தகங்களை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வான். கேற்றுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. "வாங்கோவன் தம்பி உள்ளுக்கு" என்று காவல்காரர் என்னைக் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பேன். "கூச்ச சுபாவம்" என்று அவர் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. எனக்கு அந்தச் சொல் நல்ல வசதியாக இருந்தது. வெயிலுக்குப் பிடிக்கும் குடைபோல. அதற்குக் கீழே நான் என்ன முகம் வைத்திருந்தேன் என்று ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

மொன்றியலுக்கு வந்தும் குடை கூடவே வந்தது. எங்கள் சங்கத்தில் ஒன்பது வருடமாக நான் கதிரை அடுக்குகிறேன். பெரிய பாத்திரத்தில் தேத்தண்ணி போடுகிறேன். சின்னப் பிள்ளைகள் என்னைத் "தேத்தண்ணி மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் நிர்வாக சபைக்கு ஆட்களின் பெயரைச் சொல்லும்போது, யாராவது என் பெயரையும் சொல்வார்கள் என்று தேத்தண்ணி போடும் குசினியின் வாசலில் நின்று கேட்பேன். தலைவர் பதவியா கேட்டேன்? வெறும் உறுப்பினர் போதும். ஒருவரும் சொன்னதில்லை. நானும் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

சங்கத்தின் தலைவர் மாஸ்டர். ஊரில் ஆங்கில ஆசிரியர். இங்கே நாங்கள் அகதியாக வந்து இறங்கியபோது எங்கள் ஒவ்வொருவருடைய கேஸையும் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். யார் எதற்காக ஓடி வந்தார், யாருடைய கதையில் எந்தப் பக்கம் மெய், எந்தப் பக்கம் மாஸ்டரின் கற்பனை எல்லாம் அவருக்குத் தெரியும். ரெய்கோவுக்குப் பெரிய மனிதர்களின் இரகசியம் தெரியும். எங்கள் பெரிய மனிதருக்கு எங்கள் எல்லோருடைய இரகசியமும் தெரியும். அதனால் அவருக்கு எதிராக ஒருவரும் கை உயர்த்துவதில்லை. அவர் பயமுறுத்துகிறவர் அல்ல. நன்றிதான் எங்களைப் பயமுறுத்தியது.

5

மாஸ்டர் நகரத்துக்கு வெளியே, கர்க்லாண்டில் வீடு வாங்கினார். அதன் பிறகு சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எங்கள் வீடு இருக்கும் கார்ட்டியர்விலிலிருந்து, அவர் வீட்டுப் பக்கம் பியர்ஃபொன்ட்ஸில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்கு மாறியது. கார் உள்ளவர்களுக்குக் கரைச்சல் இல்லை. எங்களுக்கு இரண்டு பஸ். பனிக்காலத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. இரண்டு தரம் போய்விட்டு எங்கள் மகள் தர்சினி மாட்டேன் என்றாள். எங்கள் குடியிருப்புக் கட்டிடத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஜப்பான் தொடர் பார்க்கக் கிடைத்ததும் அதனால்தான்.

சரோ அதைச் சும்மா விடவில்லை. கார்ட்டியர்விலில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சனிக்கிழமையில் அங்கே ஒரு வகுப்பறை கேட்டு, ஆறு பக்கப் பிரெஞ்சுப் படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டு போனாள். அலுவலகத்துப் பெண் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சங்கத்தின் செயலாளர் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்று வேண்டும் என்றாளாம். மாஸ்டரின் மருமகன்தான் செயலாளர். சரோ மாஸ்டரிடம் போய்க் கேட்டாள்.

"பிள்ளை, ஒரு சங்கத்துக்கு ரெண்டு வகுப்பு எண்டால் பேந்து ரெண்டு சங்கம் எண்டு வந்து நிக்கும்" என்றார் மாஸ்டர். "உமக்கேன் உந்த வேலை? அவரைச் சமைக்க விட்டுட்டோ திரியிறீர்?"

வீட்டுக்கு வந்ததும் சங்கத்தின் விதிகள் எழுதிய யாப்புப் புத்தகத்தை எடுத்தாள். சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு அட்டை. அட்டையில் யாருடைய பெயரோ அவர்தான் முன்மொழியலாம், வழிமொழியலாம், வாக்குப் போடலாம். அட்டைகள் எல்லாம் ஆண்களின் பெயரில். சங்கத்தில் ராணி அக்கா ஒருவருடைய அட்டை மட்டும், கணவர் இறந்த பிறகு, அவருடைய சொந்தப் பெயருக்கு மாறியிருந்தது. "இந்த நாட்டையே உடைக்கிறதோ விடுறதோ எண்டு ஆளுக்கொரு வாக்குக் கேட்டவங்கள். எங்கடை தேத்தண்ணிச் சங்கத்திலை வீட்டுக்கு ஒண்டாம்" என்று சரோ முணுமுணுத்தாள். தேத்தண்ணிச் சங்கம் என்றது எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவள் ஒரு வரியில் விரலை வைத்து நிமிர்ந்தாள். பதவிக்கு நிற்பதற்கு அட்டை தேவையில்லை. குடும்பத்தில் யாரும் நிற்கலாம்.

"நான் செயலாளருக்கு நிக்கப் போறன். ராணி அக்கா முன்மொழிவா. நீங்கள் வழிமொழியுங்கோ. ஒரு சொல்லுத்தான். எழும்பி நிண்டு சொன்னாக் காணும்."

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

சித்திரையில் கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் குசினி வாசலுக்குப் போகாமல் மூன்றாம் வரிசையில், ஓரக் கதிரையில் இருந்தேன். மாஸ்டர் ஒவ்வொரு பதவியாக வாசித்துக்கொண்டு செயலாளர் தேர்வுக்கு வந்தார். மருமகனின் பெயர் முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. "வேறை ஆரும்?" என்று கேட்டபடி அடுத்த தாளை எடுத்தார்.

ராணி அக்கா எழும்பினார். "நான் சரோஜினியை முன்மொழியிறன்."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது. வழிமொழிய ஆர்?"

 எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. எதற்காக? அவளுடைய பெயருக்காக. நான் அடுக்கிய கதிரைகளில் இருந்துகொண்டு, என் பெயரை ஒருநாளும் சொல்லாத வாய்கள் எல்லாம், அவள் பெயரை நான் சொல்வதற்குக் காத்திருந்தன. நெஞ்சில் ஏதோ புகைந்தது. அது கூச்சம் இல்லை. மாஸ்டர் மேல் பயமும் இல்லை. நன்றியும் இல்லை.

நான் எழும்பினேன். சரோவின் முகம் மலர்ந்ததைக் கண்டேன்.

"தேத்தண்ணி கொதிக்குது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்கு நடந்தேன்.

பின்னால் சிரிப்புக் கேட்டது. "பாவம், கூச்ச சுபாவம்" என்று யாரோ சொன்னார்கள். வழிமொழிய ஆள் இல்லாததால் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. நான் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் இன்னும் சூடேறவே இல்லை.

பஸ்ஸில் வரும்போது சரோ யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும் இடம் வந்ததும் மணியை அடித்துவிட்டுச் சொன்னாள்.

"பரவாயில்லை. உங்களுக்கு ஆக்களுக்கு முன்னாலை கூச்சம்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6

அடுத்த சனிக்கிழமை தொடரின் கடைசிப் பகுதி. பார்க்க வேண்டாம் போல இருந்தது. ஆனால் வழக்கம்போலச் சரோ தேத்தண்ணியோடு வந்து இருந்தாள். நானும் இருந்தேன்.

கொம்பனியின் பங்குதாரர் கூட்டம். பெரிய மண்டபம். இயக்குநர் சபைக்கு ரெய்கோ தன் பெயரைத் தானே கொடுத்திருக்கிறாள். மேடையில் இருந்த தலைவர், இந்தப் பெண்ணை ஆதரிக்க யாராவது உண்டா என்று கேட்கிறார்.  ரெய்கோ மடக்கி வைத்தவர்கள்கூடக் குனிந்துகொண்டு இருக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் இருந்தவளை நான் பார்க்கவில்லை.

அப்போது பின் வரிசையில் ஒரு கிழவர் எழும்பினார். லிஃப்டுக்கு எண்ணெய் விடும் மெக்கானிக். முதல் வாரத்தில் ரெய்கோவுக்குக் கைபிடி பிடிக்கக் காட்டிக் கொடுத்தவர். பழைய தொழிலாளி என்பதால் ஏதோ கொஞ்சம் பங்கு வைத்திருப்பவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்கி ஒரே ஒரு வசனம் சொன்னார்.

சரோ உடனே சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள்.

"'நான் இந்தப் பிள்ளையை ஆதரிக்கிறன்.' அப்பிடிச் சொல்லுறார்."

அடுத்த காட்சியில் ரெய்கோ லிஃப்டில் தனியே கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் கையுறை இல்லை. "ஒராளின்ரை ஆதரவு போதாமப் போச்சு" என்றாள் சரோ. படம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கிழவர் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. ரெய்கோ மேல் இருந்ததும் சரோ மேல் இருந்ததும் சேர்ந்து அவரில் போய் இறங்கியது. வேலையில் கதவை இழுக்கும்போது அவர் எழும்புவார். பல் தீட்டும்போது எழும்புவார். எண்ணெய் படிந்த உடுப்போடு, என்னைவிடக் குறைந்த வேலைக்காரன், ஜப்பான் முழுக்கப் பார்க்க எழும்பி நின்று சொல்லிவிட்டான். அவனுக்குக் கால் நடுங்கவில்லையா? அவன் வீட்டில் பொறாமை இல்லையா? அந்த வசனத்தைக் கேட்டபோது சரோவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லையே என்றும் இருந்தது.

7

அடுத்த வருடம் மாசி மாதத்தில் தர்சினிக்குத் தடிமன் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்கும் அன்று லீவு. சரோ ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போர்வைக்குள் இருந்த மகளிடம், லிஃப்ட்காரியின் கடைசிக் கசெற்றைப் போடச் சொன்னேன். அந்தக் கிழவரை இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருந்தது. நோகிற பல்லை நாக்கால் தடவுகிற மாதிரி.

கிழவர் எழும்பினார். வணங்கினார். சொன்னார்.

"பாத்தியோ, இவர்தான் ரெய்கோவை ஆதரிச்சவர்" என்றேன்.

தர்சினி மூக்கை உறிஞ்சினாள். "மே நோன், இல்லை அப்பா. இவர் அப்பிடிச் சொல்லேல்லை."

"பின்னை?"

"'மன்னிக்கவும், எனக்கு ட்ரெயினுக்கு நேரமாச்சு.' அதுதான் எழுதியிருக்கு. இவர் போறார். ஒருத்தரும் சப்போர்ட் பண்ணேல்லை."

திரும்பப் போடச் சொன்னேன். திரும்பவும் அதையே வாசித்தாள். நான் எழுத்துக்கு முன்னால் போய்க் குந்தி இருந்து பார்த்தேன். ட்ரெயின் என்ற சொல்லை எனக்கே கண்டுபிடிக்க முடிந்தது. மெட்ரோவில் எழுதியிருக்கும் சொல்தான்.

"ஆர் உங்களுக்கு மற்றமாதிரிச் சொன்னது?" என்று கேட்டாள் தர்சினி.

"நான்தான் பிழையா விளங்கினன்" என்றேன்.

பத்து மாதம் நான் பொறாமைப்பட்ட கிழவர் இல்லவே இல்லை. அவரும் எழும்பிக் குசினிக்குப் போன ஆள்தான்.

பின்னேரம் சரோ வேலையால் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பனி உருகி அவளுடைய சப்பாத்தடியில் தண்ணீர் கட்டி நின்றது.

"அந்தக் கிழவன் ட்ரெயினுக்குப் போனவனாம்" என்றேன்.

கோட்டுக் கையிலிருந்து அவள் கை வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஓம்."

"ஏன் மாத்திச் சொன்னனீர்?"

"அந்த மனுசன் எழும்பினவுடனை எனக்கு வாயிலை அதுதான் வந்தது. அவரும் போயிட்டார் எண்டு சொல்ல மனம் வரேல்லை."

சொல்லாவிட்டால் பிறகு எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. "சரோ, அண்டைக்கு எனக்குக் கூச்சமில்லை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கூச்சமெண்டால் நீங்கள் இருந்த கதிரையிலையே இருந்திருப்பியள். எழும்பியே இருக்கமாட்டியள்." கோட்டைக் கொழுவியில் மாட்டினாள். "நீங்கள் அத்தினை பேரும் பாக்க எழும்பி, முழு மண்டபத்தையும் குறுக்கை நடந்து போனீங்கள். அதுக்கு எவ்வளவு துணிவு வேணும் எண்டு எனக்குத் தெரியாதே?"

நான் துணியை எடுத்துச் சப்பாத்தடித் தண்ணீரைத் துடைத்தேன்.

"வயித்தெரிச்சல் எண்டு எனக்கு அங்கையே விளங்கீட்டுது" என்றாள். "பஸ்ஸுக்கை நான் சொன்னது உங்களைத் தப்ப விடத்தான். தப்பினீங்களோ?"

"இல்லை."

"அப்ப சரி. சோத்தைப் போட்டு வாங்கோ, பசிக்குது."

8

இந்த வருடக் கூட்டத்துக்கும் நான்தான் கதிரை அடுக்கினேன். தேத்தண்ணிப் பாத்திரத்தையும் அடுப்பில் ஏற்றினேன். பிறகு மூன்றாம் வரிசையில் அதே ஓரக் கதிரையில் போய் இருந்தேன். சரோ இரண்டு வரிசைக்கு முன்னால், ராணி அக்காவுக்குப் பக்கத்தில். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் என் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கித் தந்தாள். அவ்வளவுதான்.

மருமகனின் பெயர் வந்தது. ராணி அக்கா எழும்பிச் சரோவின் பெயரைச் சொன்னார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன முறையும் இதே கதைதான்" என்றார். "வழிமொழிய ஆர்?"

நான் எழும்பினேன்.  லிஃப்ட்காரனுக்கு ஒரு விடயம் தெரியும்: தரைக்குச் சமமாக வரும் அந்த ஒரு அங்குலத்தில் கை நடுங்கினாலும் கைபிடியை விடக்கூடாது.

பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணை, தேத்தண்ணி கொதிக்குதோ?"

மண்டபம் முழுவதும் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். குசினியில் உண்மையாகவே பாத்திரத்தின் மூடி படபடவென்று அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"கொதிக்கட்டும்" என்றேன். "நான் சரோஜினியை வழிமொழியிறன்."

சிரிப்பு நின்றது. பிறகு வேறு ஒரு சத்தம் வந்தது. கதிரைகள் கிறீச்சிட்டன. மனைவிமார் முழங்கையால் இடித்திருக்க வேண்டும். ஓர் அட்டை உயர்ந்தது. இன்னொன்று. என்னைக் கேலி செய்தவரின் அட்டையும் உயர்ந்தது. அவருடைய மனைவி அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார். மருமகனுக்கும் கைகள் உயர்ந்தன. இரண்டு தரம் எண்ணினார்கள். சரோவுக்கு நாலு அட்டை கூட.

கை தட்டினார்கள். சரோ எழும்பி நின்று சுற்றிவரப் பார்த்துக் கும்பிட்டாள். மாஸ்டர் கூட்டப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனையை எடுத்து, முதல் கையெழுத்தை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வைத்தாள். பொறாமை போய்விட்டது என்று இங்கே எழுதினால் நல்ல முடிவாக இருக்கும். போகவில்லை. அந்தக் கைதட்டில் ஒன்றாவது எனக்கு விழுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். நானும்தான் கை தட்டினேன். பலமாகத் தட்டினேன்.

குசினிக்குப் போனபோது தேத்தண்ணி பாதியாக வற்றிக் கறுத்துப் போயிருந்தது. மறுபடி போடத் தேயிலை இல்லை. அதிலேயே சுடுதண்ணீரும் பாலும் சீனியும் கூட்டிக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். புதிய செயலாளர் வாசலில் வந்து நின்றார். முதல் கோப்பையைக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். கசப்பில் முகத்தைச் சுளித்தாள்.

"கைக்குதப்பா" என்றாள்.

கோப்பையை வைக்கவில்லை. அங்கேயே நின்று அடி வரைக்கும் குடித்துவிட்டுப் போனாள்.